மலையில்லாத ஊரில் குதிரைமலை

"புத்தளத்துல ஏதுடா மலை?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். அட்டன் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு மலை என்றால் சிவனொளிபாதம். மழை விட்ட காலைகளில் எங்கள் லயத்து வாசலில் நின்றாலே அதன் கூர் தெரியும். காடு என்றால் ஹோட்டன் சமவெளி. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் மூடுபனிக்குள் எதையும் பார்க்காமல் உலக முடிவு வரை நடந்து, காலில் அட்டைக் கடியோடு வீடு திரும்புவோம். புத்தளம் எங்களுக்கு உப்புப் பொதியில் அச்சடித்த பெயர் மட்டும். 'புது அளம்' என்பதே அந்தப் பெயராகி விட்டது என்பார்கள். அளம் என்றால் உப்பு விளையும் வயல். அப்படிப்பட்ட தட்டை நிலத்தில், வில்பத்து தேசியப் பூங்காவின் கடலோரத்தில், குதிரைமலை என்று ஓர் இடம் வரைபடத்தில் இருந்தது. ஜூன் மாதத்தில் நான்கு நாள் லீவு கிடைத்தது. புறப்பட்டு விட்டேன்.

கொழும்பில் ஒரு வேலையை முடித்து, சிலாபம் தாண்டியதும் முதலில் இறங்கியது ஆனைவிழுந்தாவவில். சிங்களத்தில் எப்படி உச்சரித்தாலும் தமிழ்க் காதுக்கு அதற்குள் ஓர் ஆனை விழுகிறது. ஒன்றின் வழிநீர் மற்றொன்றில் விழும்படி அமைத்த பழைய குளங்களின் தொடர் அது. வயலுக்காக மனிதன் கட்டிய குளங்களில் நீர்க்காகமும் கூழைக்கடாவும் குடியேறின. 2001 இல் ராம்சார் ஈரநிலமாகப் பதிவானது. கடல் பக்கம் நடந்தால் சதுரம் சதுரமாகச் செத்த குட்டைகள். இறால் பண்ணைகளாக இருந்தவை. கண்டலை வெட்டிக் குட்டை தோண்டினார்கள். தொண்ணூறுகளில் வெண்புள்ளி நோய் வந்து இறால் செத்தது, முதலாளிகள் போய்விட்டார்கள், குட்டை மட்டும் மிஞ்சியது. அங்கே இப்போது மறுபடி கண்டல் முளைக்கவிடுகிறார்கள். நாட்டியதைவிடத் தண்ணீர் ஏறி இறங்க வழிவிட்ட இடத்தில் தானாக வந்ததுதான் செழிப்பாக நிற்கிறது என்று அங்கே வேலை செய்யும் ஒரு பெண் சொன்னார். இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை 2024 இல் ஐ.நா. உலகளவிலான முன்மாதிரிகளில் ஒன்றாக அறிவித்தது. அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருந்தது, ஆனால் சேறு கழுவத் தண்ணீர்க்குழாய் ஒன்று போட்டுத் தந்தால் இன்னும் நல்லது என்றார்.

கற்பிட்டியில் ஒரு நாள் வீண். டொல்பின் பார்க்க நவம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் வரவேண்டும். ஜூனில் தென்மேற்குக் காற்று கடலைக் கிண்டிக்கொண்டிருக்கிறது, படகுக்காரர் கையை விரித்தார். பட்டத்தில் தொங்கியபடி அலையில் சறுக்கும் வெள்ளைக்காரர்களுக்குத்தான் அது பருவம். நுரைச்சோலை அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியையும் ஒல்லாந்தர் கோட்டையையும் பார்த்துவிட்டுப் புத்தளத்துக்குத் திரும்பினேன்.

மறுநாள் விடியுமுன் ஜீப் வந்தது. ஓட்டி வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். புத்தளத்து வழக்கப்படி "நானா" என்று கூப்பிட்டேன். "நான் புத்தளத்தான் இல்ல தம்பி, முசலிப் பக்கம். ஆனா முப்பது வருசத்துக்கு மேல இங்கதான்" என்றார். அதற்கு மேல் கேட்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள், சுமார் 75,000 பேர். மன்னார்க் கரையிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர்களில் இவருடைய குடும்பமும் ஒன்று. "எனக்கு அப்ப பதினொரு வயசு. வாப்பா ரேடியோவத் தூக்கிட்டு வந்தார். உம்மா உரலத் தூக்கப் பார்த்தா, விடல்ல."

வில்பத்துவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அனுராதபுரம் பக்கத்து ஹுனுவிலகம வாசலால் போகிறார்கள். அங்கே காலை ஆறு மணிக்கே ஜீப்புகள் வரிசை கட்டும். கடலோரத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் புத்தளத்துக்கு வடக்கே வண்ணாத்திவில்லு தாண்டி இலவன்குளம் வாசலுக்கு வரவேண்டும். வழியில் அறுவாக்காட்டுப் பக்கம் பிரியும் பாதையைக் காட்டி நானா மூக்கைச் சுளித்தார். 2017 ஏப்ரலில் கொழும்பு மீதொட்டமுல்லயில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் அதிகமானோர் புதைந்து செத்த பிறகு, தலைநகரின் குப்பையைக் கொண்டுவந்து கொட்டிய இடம் அது. சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்கள். புத்தளத்தார் மாதக்கணக்கில் தெருவில் நின்று எதிர்த்தார்கள். சரணாலயத்தின் எல்லைக்கோடு காகிதத்தில் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் காகத்துக்கும் பன்றிக்கும் அது தெரியாது.

கலா ஓயாவின் மேல் தாம்போதி. மழைக்காலத்தில் தண்ணீர் அதன் மேலால் பாயும், போக்குவரத்து நின்றுவிடும். ஜூனில் சக்கரம் நனையவில்லை. ஆறு கடலைச் சேரும் முகத்தில் நாட்டின் மிகப் பெரிய கண்டல் காடுகளில் ஒன்று இருக்கிறது. தாம்போதியிலிருந்து அது தெரியாது, சேற்று வாடை மட்டும் வந்தது.

அப்பால் காடு. என் மலைநாட்டுக் கண்ணுக்கு அது முதலில் காடாகவே படவில்லை. பாசியில்லை, ஈரமில்லை, மரங்கள் நெடுநெடுவென்று வளராமல் முறுகி நிற்கின்றன. பாலை, வீரை, முதிரை, கருங்காலி. அடியில் செக்கச்செவேலென்ற மணல். 1905 இல் சரணாலயம், 1938 இல் தேசியப் பூங்கா, 1,300 சதுர கிலோமீற்றருக்கும் மேலே பரப்பு. தகவல் பலகை சொல்வது அவ்வளவுதான். அந்தப் பலகையில் இல்லாத ஒன்று என் காதில் ஏறத் தொடங்கியது, இடப்பெயர்கள். வாசலில் ஏறிய வழிகாட்டித் தம்பி சிங்களவர். அவர் வாயிலிருந்து காளிவில்லு, பணிக்கர் வில்லு, மாணிக்கபொல ஊத்து என்று வந்துகொண்டே இருந்தது. வில்லு என்பது மழைநீர் தேங்கும் இயற்கைப் பள்ளம். ஆறு வந்து சேராது, வாய்க்கால் கிடையாது. மாரியில் நிறையும், கோடையில் சுருங்கும், சிலவற்றில் உப்பும் கரிக்கும். பூங்காவின் உயிரே இந்த வில்லுகள்தான், பெயரும் அதனால்தான். ஊத்து நம்முடைய ஊற்று. பணிக்கர் ஆனை பிடிக்கிறவர். எந்த ஆனைக்கும் ஊர்ப்பெயர் தெரியாது. பெயர் வைத்தவர்கள் அங்கே மாடு கட்டியவர்கள், தேன் எடுத்தவர்கள், ஆனை பிடித்தவர்கள்.

ஏழு மணிக்கு நானா ஜீப்பை நிறுத்தி மணலைக் காட்டினார். "புலிட அடி. ராத்திரி போயிருக்கு." சிறுத்தை என்பது பாடப்புத்தகச் சொல். எங்கள் தோட்டங்களிலும் புலி என்றுதான் சொல்வோம், மரக்கறித் தோட்டத்துக் கம்பித் தடத்தில் மாட்டிச் செத்துக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். உயிரோடு ஒன்றைப் பார்க்கும் ஆசை இருந்தது. பார்க்கக் கிடைக்கவில்லை. பதிலாகக் கரடி கிடைத்தது. பாலைப் பழக் காலம் அது. ஒரு பாலை மரத்தின் உச்சியில் கறுப்பாகக் குவிந்து, கிளையை மடக்கி மடக்கி மஞ்சள் பழத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. கீழே மூன்று மான்கள் அது சிந்துவதற்காகக் காத்து நின்றன. எங்களைக் கண்டதும் கரடி அவசரப்படவில்லை. பின்புறத்தைக் காட்டி, மரத்தைக் கட்டிப்பிடித்தபடி, லயத்துக் கூரையிலிருந்து இறங்கும் தாத்தாவைப் போல மெதுவாக இறங்கி, காட்டுக்குள் போய்விட்டது. எங்கள் மூவரிலும் அதிகமாகச் சிரித்தவர் நானா. நூறு தடவை பார்த்திருப்பார்.

பொம்பரிப்பில் பார்க்க எதுவுமில்லை என்று வழிகாட்டித் தம்பி முன்பே சொல்லியிருந்தார். வெளி, பற்றை, மேயும் மான். ஆனால் அந்த வெளிக்கு அடியில் ஓர் இடுகாடு. பெருங்கற்கால மக்கள் தங்கள் இறந்தவர்களின் எலும்பைப் பெரிய மண்தாழிகளில் இட்டுப் புதைத்த இடம். கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களும் உடன் கிடைத்தன. 1970 இல் விமலா பெக்லி தலைமையில் பென்சில்வேனியப் பல்கலைக்கழகக் குழு தோண்டியது. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் தாழிகளைப் பார்த்தவர்கள் இங்கே வந்தால் தயங்கி நிற்பார்கள். இரண்டுக்கும் நடுவே மன்னார் வளைகுடா மட்டும்தான். இரண்டு பக்கத்தாரும் முத்துக்குளித்தவர்கள், இறந்தவர்களை ஒரே மாதிரிப் பானையில் இட்டவர்கள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று தாழி சொல்லாது. அதை வைத்து இரண்டு பக்கமும் இன்று சண்டை பிடிப்பதுதான் எனக்கு விளங்குவதில்லை.

மதியத்துக்கு முன் காடு திடீரென்று முடிந்தது. கடல்.

இதுதான் குதிரைமலை. மலை என்று சொல்ல மனம் வராது. செம்மண் நிலத்தைக் கடல் பக்கம் கத்தியால் வெட்டியது போல ஒரு செங்குத்துக் கரை, அவ்வளவே. எங்கள் ஊர்த் தேயிலை மேட்டுக்குக்கூடக் காணாது. ஆனால் சமதரையை ஒட்டி நாள் முழுக்கக் கடலோடி வருகிறவனுக்கு, தூரத்தில் சிவப்பாகத் தலைதூக்கும் கரை மலைதான். இந்த ஊரில் பெயர் வைத்தவர்கள் கடலிலிருந்து பார்த்திருக்கிறார்கள்.

கடலிலிருந்து பார்த்தவர்கள் நிறையப் பேர். குளோடியஸ் பேரரசன் காலத்தில் அன்னியஸ் புளோகாமஸின் விடுதலையடைந்த அடிமை ஒருவன் காற்றில் அடிபட்டு இலங்கையில் 'ஹிப்புரோஸ்' என்ற துறையில் ஒதுங்கியதாகப் பிளினி எழுதியிருக்கிறார். ஹிப்போஸ் என்றால் கிரேக்கத்தில் குதிரை. அதனால் அது இந்த இடமே என்று பலர் சொல்கிறார்கள். விஜயனின் ஆட்கள் கரையேறிக் களைத்துக் கையூன்றியபோது உள்ளங்கை செம்பு நிறமானதால் தம்பபண்ணி என்று பெயர் வந்ததாம். மகாவம்சக் கதை. அதையும் இந்தக் கரையில் வைக்கிறவர்கள் உண்டு. அல்லி அரசாணி இங்கே முத்துக் கொடுத்துக் குதிரை வாங்கினாள் என்பது நம் பக்கத்துக் கதை. கரையோரம் கிடக்கும் செங்கல்-சாந்துச் சிதைவைக் காட்டி, குதிரைச் சிலையின் கால் என்றார் வழிகாட்டித் தம்பி. எனக்குக் கால் தெரியவில்லை, செங்கல் தெரிந்தது. புறநானூற்றுப் பிட்டங்கொற்றனையும் இங்கே இழுத்து வருவார்கள். அவனுடைய குதிரைமலை கொங்குப் பக்கம் என்பதே பொருத்தமாகத் தெரிகிறது. ஒரு பெயர் இரண்டு ஊரில் இருப்பது குற்றமா?

எனக்குப் பிடித்தவர் இப்னு பதூதா. மாலைதீவிலிருந்து புறப்பட்டு, 1344 இல் புத்தளத்தில் கரையிறங்கியவர். ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு பேசினார். வரும் வழியில் கடலிலிருந்தே எங்கள் சிவனொளிபாதத்தைப் பார்த்திருக்கிறார், புகைத்தூண் போல வானத்தில் எழும்பி நின்றதாம். அவருக்கு அது ஆதம் மலை. அங்கே போகவேண்டும் என்று அவர் கேட்டதும் மன்னர் பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பினார். அவர் இந்தக் கரையிலிருந்து என் ஊருக்குப் போனார். நான் கிட்டத்தட்ட எழுநூறு வருடம் பிந்தி எதிர்த்திசையில் வந்திருக்கிறேன். கண்ணைச் சுருக்கித் தெற்கே பார்த்தேன். வெயில் புழுதிதான்.

நானா வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ளி தெரியுதா? மரிச்சுக்கட்டி. அதுக்கு இந்தப் பக்கம் மோதரகம் ஆறு. ஆத்தோட காடு முடியும், அங்கால எங்கட ஊர்." 1906 இல் லெனர்ட் வூல்ஃப் யாழ்ப்பாணக் கச்சேரியின் இளம் அதிகாரியாக முத்துக்குளிப்பை நடத்த வந்து தங்கிய மரிச்சுக்கட்டி அது. நாங்கள் வந்த மணல் பாதைதான் பழைய புத்தளம்–மன்னார் வீதி. 1985 மே மாதம் அனுராதபுரத்தில் பொதுமக்களைச் சுட்டுக் கொன்ற புலிகள் திரும்பும் வழியில் வில்பத்துவிலும் கொன்றார்கள். பின்னர் பூங்கா மூடப்பட்டது. 2003 இல் திறந்து, 2006 இல் கண்ணிவெடியில் எழுத்தாளர் நிஹால் டி சில்வாவும் உடன் வந்தவர்களும் இறந்ததும் மறுபடி மூடி, 2010 இல் மறுபடி திறந்தார்கள். விலங்கு பார்க்க வந்தவர்களுக்குத்தான் திறந்தது. வீதியைத் திறப்பதை எதிர்த்துச் சூழலியலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். முசலிக்குப் போக நானா அனுராதபுரம், மதவாச்சி என்று பெரிய சுற்றுச் சுற்றுகிறார்.

வெளியேற்றப்பட்டவர்கள் ஊருக்குத் திரும்பியபோது இருபது வருடத்தில் வளவுக்குள் மரம் வளர்ந்திருந்தது. 2012 இல் அந்தப் பக்கத்து நிலத்தில் ஒரு பகுதி வர்த்தமானியில் ஒதுக்குக் காடாகியது. வெட்டினால் காடழிப்பு, வெட்டாவிட்டால் வீடில்லை. அதைச் சாக்காக வைத்து அளவுக்கு மேல் வெட்டியதும் நடந்தது. கல்லாறு ஒதுக்குக் காட்டைத் துப்புரவாக்கியது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, மரம் நடச் சொன்னது. தொலைக்காட்சிக்கு இதெல்லாம் சேர்ந்து 'வில்பத்து அழிகிறது' என்ற ஒரே வரி.

"பாதையத் திறக்கோணுமா நானா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "திறந்தா லொறி ஓடும். ராவில மான் அடிபடும், கரடி அடிபடும். எனக்குச் சோறு போடுறதும் இந்தக் காடுதானே தம்பி." பிறகு, "ஆனா எங்கட வாப்பா மையத்துக்கு நான் ஏழு மணித்தியாலம் பிந்தித்தான் போனன்" என்றார்.

வீதி மூடியே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி. இப்போதும் அதுதான். ஆனால் அட்டனில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது எனக்கு இலகு என்பது அந்த வெயிலில் உறைத்தது.

கரை விளிம்பில் வடக்குப் பக்கத்துக் கோபுரத்திலிருந்து தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும் ஓரிடம் இருக்கிறதாம். நானா அங்கே போய் நின்று எண்ணை அழுத்தினார். காற்று வார்த்தைகளைப் பாதி பாதியாகக் கொண்டுவந்தது.

"தங்கச்சி, சாப்பிட்டியா?... இல்ல, புத்தளத்தில இல்ல. குதிரைமலையில நிக்கிறன். ஓம், உங்கட கடல்தான் தெரியுது... வெளிய வந்து பாரன்."

கையை நீட்டி ஆட்டினார். தெரியாது என்று அவருக்கும் தெரியும். கீழே இறங்கி வந்தபோது உள்ளங்கையில் ஒட்டிய செம்மண்ணைச் சாரத்தில் துடைத்துவிட்டு, ஆறு மணிக்கு முன் வாசலைத் தாண்டவேண்டும் என்று ஜீப்பை எடுத்தார்.