இரண்டு பியானோவில் பிழைத்திருந்த சிம்பொனி

டிமிட்ரி ஷோஸ்டகோவிச்சின் நான்காம் சிம்பொனியை ஆர்கெஸ்ட்ரா வழியாகத்தான் எனக்குப் பழக்கம். நூறு பேருக்கு மேல் வாசிக்கும் ஒரு மணி நேர இசை. ஹார்ன் மட்டுமே எட்டு. அதை அவரே இரண்டு பியானோவுக்கும் எழுதி வைத்திருந்தார். அத்தனை பெரிய முழக்கம் இருபது விரல்களுக்குள் எப்படி அடங்கும் என்ற சந்தேகத்தோடுதான் கேட்க உட்கார்ந்தேன்.

முதல் பகுதியின் நடுவே தந்தி வாத்தியங்கள் வெறிகொண்டு ஓடும் ஒரு ஃபியூக் வரும்; ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் துரத்தும் அமைப்பு அது. ஆர்கெஸ்ட்ராவில் அது நம்மை அடித்துக்கொண்டு போய்விடும். பியானோவிலோ ஒவ்வொரு குரலும் எங்கே நுழைகிறது, எதை விரட்டுகிறது என்று துல்லியமாகக் கேட்கிறது. வெறியாட்டம் என்று நினைத்த இடத்தில் அவ்வளவு கறாரான கணக்கு! சிம்பொனியின் முடிவில் நிலைமை தலைகீழ். அங்கே தந்திகள் சி மைனரை நெடுநேரம் இழுத்துப் பிடித்திருக்க, அதன்மேல் செலஸ்டா ஒலிக்க வேண்டும். பியானோவில் ஸ்வரம் அடித்த கணமே தேயத் தொடங்கிவிடும். வில்லைப் போல நீட்டிப் பிடிக்க வழியில்லை. அந்த இடத்தில் ஆர்கெஸ்ட்ராவுக்காக மனம் ஏங்குகிறது.

ஷோஸ்டகோவிச்சுக்கு அந்த ஏக்கம் 25 ஆண்டு நீடித்தது. 1936 ஜனவரியில், ஸ்டாலின் அவருடைய ‘லேடி மாக்பெத்’ ஓபராவைப் பார்த்த இரண்டாம் நாள், சோவியத் கட்சி நாளேடான ‘பிராவ்தா’ அதைக் கடுமையாகத் தாக்கி எழுதியது. அப்போது பாதியில் இருந்த நான்காம் சிம்பொனியை அவர் விடாமல் எழுதி முடித்தார். டிசம்பரில் லெனின்கிராடில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோதே அரங்கேற்றம் கைவிடப்பட்டது. போர்க்காலத்தில் ஸ்கோரின் கையெழுத்துப் பிரதியும் தொலைந்தது.

கையில் மிஞ்சியது பியானோ வடிவம். போர் முடிந்த காலத்தில் அவரும் நண்பர் வைன்பெர்க்கும் அதை வாசித்துக் காட்டினார்கள். 1946இல் மிகச் சில பிரதிகள் அச்சாயின. பஞ்ச காலத்தில் பொத்திவைத்த விதைநெல் போல அது இருந்தது. பின்னர் வாத்தியக்காரர்களின் தனித்தனிப் பிரதிகள் லெனின்கிராடில் அகப்பட, ஸ்கோர் மீட்கப்பட்டது. 1961 டிசம்பர் 30 அன்று மாஸ்கோவில் கிரில் கொண்ட்ராஷின் நடத்த, சிம்பொனி முதன்முதலாக மேடை ஏறியது.

அதன்பின் பியானோ வடிவத்தைத் தேடுவார் இல்லை. இந்த நூற்றாண்டில்தான் அது பதிவாகி மறுபடி காதில் விழுகிறது. இசைத்தட்டு வருவதற்கு முன் புதிய சிம்பொனியை இப்படிக் கேட்பது சகஜம். பிராம்ஸ் தன் நான்காம் சிம்பொனியை 1885இல் நண்பர்களுக்கு இரண்டு பியானோவில்தான் அறிமுகம் செய்தார். பதிவுகள் மலிந்த இன்று இது எதற்கு என்று கேட்கலாம். அரங்கம் மறுக்கப்பட்ட ஒரு கலைஞர் தன் இசையைத் தன் கையாலேயே வாசித்துக் கேட்ட வடிவம் இது. அதன் உள்கட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டுவதும் இதுதான். பியானோ படிக்கும் இருவர் சேர்ந்து அந்த ஃபியூக்கை மட்டுமாவது வாசித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஆர்கெஸ்ட்ராவில் கேட்டால் ஒரு குரலும் தப்பாது.