திருமங்கலம் தாண்டினால் கரிசல்

மதுரையிலிருந்து விருதுநகர் பஸ்ஸில் ஏறினால் சுமார் 20 கிலோமீட்டரில் திருமங்கலம். அதைத் தாண்டிக் கள்ளிக்குடிப் பக்கம் போகும்போது ஜன்னல் வழியே பாருங்கள், மண் கறுத்திருக்கும். கரிசல் பூமி தொடங்கிவிட்டது.

சித்திரையில் இந்தக் காடுகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கை நுழையும் வெடிப்புகள்! குட்டி ஆட்டின் கால் சிக்கிவிடக் கூடாதே என்பது கீதாரிகளின் கவலை. ஐப்பசி மழை விழுந்ததும், மண்ணில் நிறைந்திருக்கும் களி தண்ணீரைக் குடித்து உப்பிவிடும், வெடிப்புகள் மூடிக்கொள்ளும். வெயிலில் மேல்மண் வெடிப்புக்குள் உதிர்வதும், மழையில் அடிமண் மேலே தள்ளப்படுவதுமாக, கலப்பை இல்லாமலே ஓர் உழவு நடக்கிறது. வீடு கட்டுகிறவர்களுக்குத்தான் தலைவலி. அஸ்திவாரம் சரியில்லை என்றால் சுவரில் விரிசல் நிச்சயம்.

குடித்த தண்ணீரைக் கரிசல் லேசில் விடாது. மழை நின்ற பிறகும் அந்த ஈரத்திலேயே பருத்தியும் சோளமும் மல்லியும் தேறிவிடும். அறுப்பு முடிந்த காட்டில் செம்மறிகள் இறங்கும். தலையிலும் வயிற்றிலும் கறுப்பு ஓடிய ஓர் இனத்துக்குக் கீழக்கரிசல் என்று பெயர். பகலில் தாள் மேயும், இரவில் கிடை. புழுக்கையும் மூத்திரமும் அடுத்த வெள்ளாமைக்கு உரம். அதற்காகக் காட்டுக்காரர் கீதாரிக்குப் பணமோ தானியமோ கொடுப்பார்.

மழைக்காலத்தில் மந்தை இங்கே நிற்க முடியாது. சேற்றிலேயே நின்றால் குளம்பு அழுகிவிடும். செவக்காட்டு மேடு தேடிப் போக வேண்டும். திரும்பி வரும்போது, போன வருஷம் மேய்ந்த தரிசில் பிளாட் கல் ஊன்றியிருந்தால், கிடைக்கு வேறு காடு கேட்டு அலைய வேண்டியதுதான்.