விளக்கு வளையம்

என் தாத்தாவிடம் மோரிஸ் மைனர் கார் ஒன்று இருந்தது. அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்து, இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு முதல் வெளிவந்த சிறு கார் அது. தாத்தா அதனைத் தம் கையாலேயே துடைப்பார். பிறரைத் தொடவிட மாட்டார்.

ஒருநாள் அதன் வலப்பக்க முகப்பு விளக்கு எரியாது போயிற்று. அதைக் கழற்றும் பொறுப்பை முதன்முறையாக என்னிடம் விட்டார். விளக்கைச் சுற்றியுள்ள குரோம் வளையத்தை முதலில் எடுத்தல் வேண்டும். கீழ்விளிம்பில் நெம்பினால் அது வந்துவிடும் என்று அறிந்திருந்தேன். வரவில்லை. பல மழைக்காலங்களின் துரு அங்கே குடியேறியிருந்தது. இரும்பு துருவாகும்போது முன்னிலும் மிகுதியான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடுக்குகள் அடைபட்டு இறுகிவிடும். நானோ அதை எண்ணாமல் திருப்புளியை ஓங்கி அழுத்தினேன். அது வழுக்கி வண்ணத்தைக் கீறிற்று. விரல் நீளக் கீறல்!

தாத்தா பார்த்தார், சினக்கவில்லை. சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"எண்ணெய் விட்டு வை, தம்பி. நாளைக்குப் பார்க்கலாம்" என்றார்.

மெல்லிய எண்ணெய் இரவெல்லாம் இடுக்கினுள் ஊர்ந்து சென்றிருந்தது. காலையில் திருப்புளியின் முனையில் துணியைச் சுற்றினேன். ஒரே இடத்தில் நெம்பாமல், கீழ்விளிம்பின் இருபுறமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக நெம்பினேன். 'டக்'கென்ற ஒலியுடன் வளையம் கழன்று என் கையில் விழுந்தது; கூடவே ஒரு பிடி செந்துருவும் உதிர்ந்தது.

உள்வளையத்தை மூன்று சிறு திருகாணிகள் பிடித்திருந்தன. நான் தாத்தாவின் முகத்தை நோக்கினேன்.

"அவற்றையும் நீயே கழற்று" என்றார்.