டேங்க் பட்டைக்கு வெல்டிங் வேண்டாம்

நாமக்கல்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. டீசல் டேங்க் முன்பட்டை அறுந்துவிட்டது, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன், காலையில் வெல்டிங் வைத்துவிட்டு லோடு ஏற்றிவிடுவேன் என்றாய். வேண்டாம்ப்பா. வண்டி சங்ககிரியிலேயே நிற்கட்டும். இந்தக் கடிதம் கொண்டுவரும் டிரைவரிடம் ஜோடிப் பட்டையும், லைனரும், போல்ட் நட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

அப்பா வண்டியில் நான் செய்த தப்பு உனக்குத் தெரியாது. அப்போது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். இதே மாதிரி அறுந்த பட்டைக்கு வெல்டிங் வைத்து ஓட்டினேன். மூணாவது நடையில், தொப்பூர் கணவாய் இறக்கத்தில், வெல்டு வைத்த இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி மறுபடியும் அறுந்தது. டேங்க் சாய்ந்து டீசல் ஹோஸைப் பிய்த்துவிட்டது. நான் கண்ணாடியில் பார்ப்பதற்குள் பின்னால் வந்த பைக் டீசலில் வழுக்கி விழுந்தது. அந்தப் பையனுக்குக் கை முறிந்தது. ரோட்டோரம் கையைப் பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மெல்லிய பட்டையில் சூடு பட்டால், வெல்டின் ஓரத்தில் இரும்பின் குணமே மாறிவிடும். அதிர்வில் முதலில் விரிசல் விடுவது அந்த ஓரம்தான். டேங்க் பக்கத்தில் நெருப்புப் பொறி பறப்பது அதைவிடப் பயம். காலி டேங்க்தானே என்று யாராவது சொன்னால் கேட்காதே. காலி டேங்கில் இருப்பது ஆவி, வெடிப்பது அதுதான்.

350 லிட்டர் நிரப்பினால் டீசல் மட்டுமே சுமார் 290 கிலோ. பிரேக் அடிக்கும்போதெல்லாம் அது முன்னும் பின்னும் மோதும். முன்பட்டை போனபிறகு அந்தப் பாரத்தைப் பின்பட்டை ஒண்டியாகத் தாங்கியிருக்கிறது. அதனால்தான் நல்லா இருக்கிற மாதிரித் தெரிந்தாலும் அதையும் சேர்த்து மாற்றச் சொல்கிறேன்.

லைனரை நன்றாகக் கவனி. உனக்கு வண்டி விற்றவர் டயர் டியூபை வெட்டி வைத்திருந்தார் என்றாய். டீசல் பட்டால் அந்த ரப்பர் ஊறி உப்பி நழுவிவிடும். அப்புறம் பட்டை நேராக டேங்கைத் தேய்க்கும். உன்னுடையது அலுமினிய டேங்க். ஈரத்தில் இரும்போடு ஒட்டிக் கிடந்தால் அலுமினியம்தான் அரிக்கும். பட்டையைக் கழற்றியதும் அந்த இடத்தைத் துடைத்துப் பார். கறுப்புப் பொடி இருந்தால் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பள்ளம் ஆழமாக இருந்தால் பட்டை மாட்டாமல் எனக்குப் போன் பண்ணு. நான் அனுப்பியிருப்பது டீசல் தாங்கும் நைட்ரைல் ரப்பர். பட்டையை விட அகலம் அதிகம். ரெண்டு ஓரமும் வெளியே தெரியணும், வெட்டிவிடாதே.

போல்ட் தலையில் 10.9 என்று இருக்கும், பழையதில் இருந்த அதே எண். எண் இல்லாத போல்ட்டைப் பட்டறையில் சும்மா கொடுத்தாலும் வாங்காதே. பழைய நைலாக் நட்டைத் திரும்பப் போடாதே.

டீசலை வடித்துவிட்டு, ஜாக்கி மேல் மரப்பலகை வைத்து டேங்கைத் தாங்கிக்கொண்டு கழற்று. பிராக்கெட் வளைவில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். அளவு பொருந்தவில்லை என்று சேஸில் புது ஓட்டை போட விடாதே. ரெண்டு பட்டையையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, மேனுவலில் போட்டிருக்கிற டார்க் அளவுக்கு இறுக்கு. பலம் இருக்கிறதென்று ஸ்பேனரில் பைப் மாட்டி இழுத்தால் டேங்க் ஒடுங்கிவிடும். முதல் நடை போய் வந்ததும் லைனர் அமுங்கியிருக்கும், மறுபடி டார்க் வைத்துப் பார்.

ஒரு நாள் வாடகை போவதைப் பற்றிக் கவலைப்படாதே, டியூ கட்ட நான் தருகிறேன். கழற்றிய பழைய பட்டையைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாமல் வீட்டுக்கு வரும்போது கொண்டு வா. எந்த இடத்தில் அறுந்தது என்று ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்