தக்கை காட்டும் ஏரி

ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் மும்பை நாளிதழ்களில் தவறாமல் ஒரு செய்தி வரும்: பவாய் ஏரி நிரம்பி வழிகிறது. மாநகராட்சி தரும் விவரங்களும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். 1890இல் 12.59 லட்சம் ரூபாய் செலவில் கட்டப்பட்டது. நீர்ப்பிடிப்புப் பகுதி 6.61 சதுர கிலோமீட்டர். நிரம்பினால் நீர்ப்பரப்பு 2.23 சதுர கிலோமீட்டர், கொள்ளளவு 545.5 கோடி லிட்டர். தண்ணீர் குடிக்க உகந்ததல்ல. ஆலைகளுக்கும் ஆரே பால் காலனிக்கும் போகிறது. இத்தனை எண்களுக்கு நடுவே அந்தத் தண்ணீரில் வாழும் மீனைப் பற்றி ஒரு வரி இருக்காது. செம்பூரில் இருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். "மீனைப் பத்தித் தெரியணும்னா தாராவியில ஒரு அண்ணாச்சி இருக்காரு. தூண்டில்காரங்களுக்குத் தக்கை செஞ்சு கொடுக்கிறவரு. அவரைப் பாருங்க" என்றார்.

மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கத்தில், ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்துக்குள் இருக்கிறது அவர் வீடு. கீழே மகனின் செல்போன் ரிப்பேர்க் கடை. செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஓர் அறை. அங்கே ஜன்னலோரம் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார் அண்ணாச்சி. அறுபதைத் தாண்டிய வயது. மடியில் ஒரு பழைய துண்டு. துண்டின் மேல் மயில்தோகை ஈர்க்குகள்.

தக்கை என்றதும் நெட்டியையோ பிளாஸ்டிக் குமிழையோ நினைத்துக்கொண்டு போயிருந்தேன். இவர் செய்வது மயில்தோகைத் தண்டில். தானாக உதிர்ந்த தோகையைத்தான் விற்கவும் வாங்கவும் சட்டம் அனுமதிக்கிறது. அப்படி வந்த தோகையில் இருபுறமும் உள்ள இழைகளைப் பிளேடால் வழித்து எடுக்கிறார். உள்ளே வெள்ளைச் சோறு நிறைந்த தண்டு கிடைக்கிறது. எடையே இல்லை. ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, நிழலில் உலர்த்துகிறார். பிறகு நுனியில் சிவப்பு, அதற்குக் கீழே வெள்ளை, மறுபடி சிவப்பு என்று மெல்லிய வளையங்களாக நகப்பூச்சு தீட்டுகிறார். தங்கூஸ் நரம்பில் மாட்ட சைக்கிள் வால்வு ட்யூபில் இரண்டு சிறு துண்டு. இவ்வளவுதான் பொருள். பட்டு நூல் சுற்றுவது, வார்னிஷ் பூசுவது என்று நடுவே இன்னும் சில வேலைகள் நடந்தன. அவர் விரல் வேகத்துக்கு என் கண் போகவில்லை.

வேலை முடிந்ததும் பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் தக்கையை நிறுத்தினார். ஈயக்குண்டை ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்கத் தக்கை இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் சிவப்பு நுனி ஓர் அரிசி அளவு மட்டும் வெளியே தெரிந்தது. இன்னொரு சிறு குண்டு வைத்தால் முழுகிவிடும். அந்த நிலைதான் அவருக்கு வேண்டும். "மீனு இரையைத் தொட்டாலே இது சொல்லிரும் தம்பி. ஈயம் கொறஞ்சா தக்கை தடியா நிக்கும். மீனு தின்னுட்டுப் போன பெறகுதான் நமக்குத் தெரியும்" என்றார்.

தாமிரபரணிப் பாசனத்தில், குளத்தங்கரை ஊர் ஒன்றில் பிறந்தவர். மண்புழுவும் மூங்கில் கம்பும் வைத்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்த சிறுவனைத் தாய்மாமன் தாராவி டேனரி வேலைக்கு அழைத்து வந்தார். தாராவியில் திருநெல்வேலிக்காரர்கள் தோல் தொழிலுக்கு வந்து வேரூன்றிய கதையில் அவரும் ஒருவர். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்து இழுத்துக் கைத்தோல் உரிந்தது. டேனரிகள் ஒவ்வொன்றாக மூடியபோது, பவாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை கிடைத்தது. வேலை முடிந்து ஏரிக்கரை வழியாக நடந்து வருகையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறார். முதலில் பை தூக்கிக் கொடுத்தார், அப்புறம் மாவு பிசைந்தார். ஒருநாள் ஒருவரின் தக்கை உடைந்துபோக, அதைப் போலவே ஒன்று செய்து கொடுத்தார். அப்படித்தான் இந்தத் தொழில் ஆரம்பித்தது.

மழை ஓய்ந்த ஓர் ஐப்பசி விடியலில் அவரோடு சயானில் ரயிலேறி, காஞ்சூர்மார்க்கில் இறங்கி, ஏரிக்கரைக்குப் போனேன். இங்கே மகாராஷ்டிரா ஸ்டேட் ஆங்லிங் அசோசியேஷன் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. தூண்டில் மீன்பிடி அந்தச் சங்கத்தின் ஏற்பாட்டில் நடப்பது. மீன்குஞ்சு விடுவதிலிருந்து இரவில் திருட்டு வலை போடுபவர்களைப் பார்த்துக்கொள்வது வரை அவர்கள் வேலையாக இருந்திருக்கிறது. அண்ணாச்சி ஓர் உறுப்பினருக்கு உதவியாளாக வந்திருந்தார். கடலைப் பிண்ணாக்கு, பொட்டுக்கடலை மாவு, வறுத்துப் பொடித்த வெந்தயம், உதிர்த்த பாவ் ரொட்டி, கொஞ்சம் நெய். எல்லாவற்றையும் ஏரித் தண்ணீரே தெளித்துப் பிசைந்தார். வீட்டுத் தண்ணீரில் பிசைந்தால் மருந்து வாடை வரும், மீன் அண்டாது என்பது அவர் அனுபவம்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் நான் தேடிப்போன விஷயம். கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும். அது மேல்தண்ணீரில் மேய்வது. ரோகு நடுத்தண்ணீர். மிர்கால் தரையில் சேறு கிளறுவது. அதனால் நரம்பில் தக்கையை எந்த உயரத்தில் நிறுத்துகிறோம் என்பதே எந்த மீனைக் கேட்கிறோம் என்பதும். தக்கை பக்கவாட்டில் நகர்ந்து சட்டென்று உள்ளே போனால் பெரும்பாலும் ரோகு. தரையில் கிடக்கும் இரையை மிர்கால் தூக்கும்போது ஈயமும் சேர்ந்து எழும்ப, தக்கை முழுகாமல் மேலே வரும். படபடவென்று நடுங்கினால்? "சிலேபிதான். வேற என்ன" என்றார். அன்று காலை முழுக்க அநேகமாக நடுக்கம்தான்.

இதன் பின்னால் எழுபது வருடக் கதை இருக்கிறது. சிலேபிக் கெண்டை என்று நாம் சொல்லும் திலேப்பியா ஆப்பிரிக்க மீன். 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. எளிதில் பெருகும், ஏழைகளுக்குப் புரதம் கிடைக்கும் என்ற நல்ல எண்ணம்தான் காரணம். அது எளிதில் பெருகியது உண்மை. சில மாதக் குட்டியாக இருக்கும்போதே முட்டையிடும். முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள் வைத்துக் காக்கும். வருடத்தில் பல முறை ஈனும். குளம் நிறைந்ததும் எல்லாம் கையகல மீனாகவே நின்றுவிடும். 1959இலேயே இதைப் பரப்பக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். அதற்குள் அது நாடெங்கும் நீர்நிலைகளில் பரவத் தொடங்கிவிட்டது.

கட்லா, ரோகு, மிர்கால் கதை இதற்கு நேர் எதிர். அவை ஆற்று மீன்கள். புதுவெள்ளம் ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும். தேங்கிய ஏரியில் எவ்வளவு கொழுத்தாலும் சினை வெளியே வராது. 1957 ஜூலை 10 அன்று மீன்வள விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகச் செலுத்தி இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். இன்று நாட்டில் பண்ணைக் கெண்டை கிடைப்பதற்கு அந்த ஊசிதான் அடிப்படை. அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். பவாயைப் பொறுத்தவரை இதன் பொருள் இதுதான்: இன்று தக்கையை இழுக்கும் ரோகு, சில வருடங்களுக்கு முன் விரலளவுக் குஞ்சாக யாரோ இந்தத் தண்ணீரில் விட்டது. ஒரு வருடம் விடாமல் போனால், அந்த வயது மீன் இந்த ஏரியில் இருக்கவே இருக்காது.

விட்ட குஞ்சும் பிழைக்க வேண்டுமே. கையகலச் சிலேபிக் கூட்டம் அதன் தீனியைப் பறிக்கிறது. 2000இல் மத்திய அரசு தடைசெய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னொரு ஆபத்து. காற்றைக் குடித்து எந்தச் சாக்கடையிலும் உயிர்வாழும், குஞ்சு கண்டால் விழுங்கும் மீன் அது. ஊரில் தேளி என்று நாம் சொல்வதன் பூதாகாரமான பங்காளி. ஏரியில் முதலைகளும் உண்டு. அண்ணாச்சிக்கு முதலை மேல் மனத்தாங்கல் இல்லை. "அது பொறந்த எடம் தம்பி. பசிச்சாத் திங்கும், பசி தீந்தாக் கரையில கெடக்கும்" என்றார்.

மீனுக்கு உண்மையான எதிரி கரையின் மறுபக்கம் அடுக்குமாடிகளாக நிற்கிறது. ஒரு நாளைக்கு ஒரு கோடி லிட்டருக்கும் மேல் கழிவுநீர் இந்த ஏரிக்குள் இறங்குகிறது. கழிவின் சத்தை உண்டு ஆகாயத்தாமரை கொழிக்கிறது. இலைப்போர்வை மூடிய இடத்தில் வெயில் இறங்காது. அடியில் அழுகுவது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மேகம் மூடிய நாளுக்கு மறுநாள் விடியலில் கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து மிதப்பதை அண்ணாச்சி பலமுறை பார்த்திருக்கிறார். அந்த நேரத்தில் எந்த இரைக்கும் தக்கை அசையாது. முதலில் விழுவது பெரிய கட்லா. சிலேபி தாங்கும், கெளுத்தி தாங்கும். தூண்டிலில் ரோகு குறைந்து சிலேபி கூடுகிறது என்றால் தண்ணீர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆய்வுக்கூட அறிக்கை வருவதற்கு முன்பே கரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது தெரிந்துவிடுகிறது.

"மொதல்ல எல்லாம் ஒரு ரோகு கெடச்சா வீட்டுல கொழம்பு. இப்ப யாரு கொடுத்தாலும் வேண்டாம்னுருவேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் காட்டினார். கரையோரம் பச்சை ஏடு படிந்து, சோப்பு நுரை ஒதுங்கியிருந்தது. இரையில் வெந்தய மணம் தேடுபவருக்கு அந்த வாடை எப்படி இருக்கும்!

அண்ணாச்சியின் வருமானத்தைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. ஒரு தக்கைக்கு அரை நாள் பிடிக்கிறது. அதைக் கடைக்கு வாங்கிப் போகிறவர் கொடுப்பது டீச்செலவுக்குக் காணும். அதே தக்கை கண்ணாடிப் பெட்டிக்குள் போனதும் விலை பல மடங்கு. செய்தவரின் பெயர் எங்கும் கிடையாது. நடுவில் நிற்பவர் செய்த வேலை, தாராவியிலிருந்து கடை வரை ஒரு பையைக் கொண்டுபோனது மட்டும். தோல் பையிலும் இதுதான் நடந்தது, மண்பானையிலும் இதுதான் நடக்கிறது. தாராவியின் கைவேலை எல்லாவற்றையும் இப்படித்தான் உறிஞ்சுகிறார்கள்.

ஏரிக்கு நடப்பதும் வேறல்ல. ஏரி தெரியும் ஜன்னல் என்று சொல்லி வீட்டுக்கு விலை ஏற்றுகிறார்கள். அந்தக் காட்சியை விற்றுப் பணம் பார்த்தவர்கள் ஏரிக்குக் கொடுத்தது என்ன? சாக்கடை. ஏரியின் பெயரைச் சொல்லிப் பிழைப்பவர்கள் ஏரிக்குக் கடன்பட்டவர்கள். கடனைக் கேட்டு வாங்க வேண்டியது மாநகராட்சி. அதே மாநகராட்சி ஏரிக்குள்ளேயே கல்லைக் கொட்டி சைக்கிள் பாதை போடக் கிளம்பியது. ஐஐடி மாணவர்கள் உள்ளிட்டோர் வழக்குப் போட்டார்கள். அது சட்டவிரோதம், போட்டதை அகற்றி இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2022 மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏரியைக் காப்பாற்ற நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்ததே, அது இந்த நகரத்துக்கு அவமானம்.

இதெல்லாம் பவாய்க்காரர்கள் பாடு என்று தாராவியில் இருப்பவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பவாயும் பக்கத்து விஹார் ஏரியும் மறுகால் பாய்ந்து ஓடும் தண்ணீர்தான் மித்தி ஆறு. ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியை உரசிக்கொண்டு மாஹிம் கழிமுகத்தில் கடலில் சேர்கிறது. அந்தக் கழிமுகத்தில்தான் தாராவியின் கோலி மீனவர்கள் ஒரு காலத்தில் மீன்பிடித்துப் பிழைத்தார்கள். தண்ணீர் நஞ்சாகி அந்தத் தொழில் போயிற்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி மித்தி பொங்கியபோது, அண்ணாச்சி வீட்டுக் கீழ்த்தளம் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றது. "நம்ம ஊர்ல மறுகால் பாஞ்சா ஊரே குளத்தங்கரைக்குப் போயி வேடிக்கை பாக்கும். இங்க ஏரி நெறஞ்சுதுன்னு பேப்பர்ல போட்டா நாங்க பாத்திரத்தைப் பரண்ல ஏத்துதோம்" என்றார் அவர் மனைவி.

தூண்டிலில் மீன் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கிடைக்கும். ஆனால் அடுத்த ஐந்து வருடத்தில் எந்த மீன் கிடைக்கும் என்பது இப்போது எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது. எந்த ஆண்டு எந்தக் குஞ்சு எத்தனை விட்டார்கள் என்ற கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். தூண்டில்காரர் ஒவ்வொருவரும் பிடித்த மீனின் இனம், நீளம், எடை, நாள் ஆகியவற்றைக் கரையிலேயே பதிய வேண்டும். செலவில்லாத இந்தப் பதிவு பல ஆண்டுகள் சேர்ந்தால், ஏரியின் உடல்நிலையைச் சொல்ல அதைவிட நல்ல சான்று இருக்காது. சிலேபியையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் பிடித்தால் திரும்ப விடக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சாக்கடை வாய்கள் அடைபட வேண்டும். கழிவுநீர் இறங்கும் ஏரியில் குஞ்சு விடுவது, காசு கொடுத்து வாங்கிய உயிரைக் கொல்வதற்குச் சமம்.

அந்தப் பதிவேட்டை எழுதத் தகுதியான ஆள் யார் என்று மாநகராட்சி கேட்டால், மாட்டுங்கா லேபர் கேம்பில் ஏணி ஏறிப் பார்க்கச் சொல்வேன். சம்பளத்தோடு அந்த வேலையை அவரைப் போன்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஏரித் தண்ணீர் கெடுவதைத் தக்கை அசையாததை வைத்தே கண்டுபிடிக்கும் கண், நாற்பது வருடம் கரையில் உட்கார்ந்து கிடைத்தது. அந்தக் கண்ணுக்கு இந்த நகரம் இதுவரை கூலி கொடுத்ததில்லை.