நாங்கள் அம்மாவுக்குச் சொன்ன படங்கள்

இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வந்த படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவை எவை என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும், அதாவது அக்காவும் தம்பியும், ஒரே பட்டியலைச் சொன்னதில்லை. ஒருவர் தங்கர் பச்சானின் 'அழகி'யில் (2002) தொடங்குவார். மற்றவர் மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே'யை (2001) விட்டுக்கொடுக்க மாட்டார். 'அமெலி'யை உலகமே கொண்டாடியது. எங்களுக்கு அது இனிப்புக்கடை வாசலில் நிற்பது போலிருந்தது. ஆயினும் இருவர் பட்டியலிலும் தவறாமல் இடம்பெறுபவை மூன்று. எட்வர்ட் யாங்கின் 'யி யி' (2000), நூரி பில்கே ஜெய்லானின் 'உசாக்' (2002), ஹிரொகசு கோரே-எடாவின் 'ஸ்டில் வாக்கிங்' (2008). மூன்றிலும் பெரிதாக ஒன்றும் நிகழ்வதில்லை. வீடுகள் இருக்கின்றன, அவற்றுக்குள் சிலர் இருக்கிறார்கள்.

'உசாக்'கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊரில் வேலையிழந்த யூசுஃப், கப்பலில் வேலை தேடி இஸ்தான்புல்லுக்கு வந்து, உறவினரான புகைப்படக்காரர் மஹ்மூதின் வீட்டில் தங்குகிறான். மஹ்மூத் ஓர் இரவு தர்கோவ்ஸ்கியின் படத்தை ஓடவிடுகிறார். யூசுஃப் சலித்துப்போய் உறங்கச் சென்றதும் நாடாவை மாற்றி நீலப்படம் பார்க்கிறார். தர்கோவ்ஸ்கி, தர்கோவ்ஸ்கி என்று சொல்லித் திரிந்த நாங்கள் அந்த இடத்தில் உரக்கச் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிற்பாடு ஒரு கடிகாரம் காணாமற்போகிறது. அது கிடைத்த பிறகும் மஹ்மூத் அதைச் சொல்லாமல், விருந்தாளியைச் சந்தேகத்தின் நிழலிலேயே நிற்கவிடுகிறார். யூசுஃபாக நடித்த மெஹ்மெத் எமின் தொப்ராக், இயக்குநரின் உறவினர். 2003-ஆம் ஆண்டு கான் விழாவில் இரு நடிகர்களுக்கும் சேர்த்துச் சிறந்த நடிகர் விருது அளிக்கப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை; சாலை விபத்தில் முன்பே இறந்துவிட்டிருந்தார்.

'யி யி'யைப் பற்றி அவ்வளவு சுருக்கமாக எங்களால் பேச முடியாது. 2007-இல் எட்வர்ட் யாங் இறந்த செய்தியைப் படித்த பிறகே அதைத் தேடிப்பிடித்துப் பார்த்தோம். அவர் முடித்த கடைசிப் படம் அதுதான். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். ஒரு திருமணத்தில் தொடங்கி ஒரு சாவுச் சடங்கில் முடியும் தைபேய் நகரத்துக் குடும்பக் கதை. திருமண நாளன்றே பாட்டி நினைவிழந்து படுக்கையில் விழுகிறாள். அவளிடம் தினமும் பேசிக்கொண்டிருங்கள் என்கிறார் மருத்துவர். குடும்பத்தினர் முறை வைத்துப் பேசுகிறார்கள். சில நாட்களில் மகள் மின்-மின் உடைந்து அழுகிறாள். அம்மாவிடம் சொல்லத் தன்னிடம் ஒன்றுமே இல்லை, ஒரு நாளில் தான் செய்வதையெல்லாம் சொல்ல ஒரு நிமிடம் போதும், மறுநாளும் அதையேதான் சொல்ல வேண்டியிருக்கிறது என்று கணவனிடம் அரற்றுகிறாள். அவன் கதவை மூடிவிட்டு, செவிலிப் பெண்ணைச் செய்தித்தாள் வாசிக்கச் சொல்லலாம் என்கிறான். அவ்வளவுதான் காட்சி. முதன்முறை பார்த்தபோது அருமையாக எடுக்கப்பட்டிருக்கிறது என்று பேசிக்கொண்டோம். இன்று நினைத்தால் கூச்சமாயிருக்கிறது.

2009 ஐப்பசியில் எங்கள் அம்மா கொல்லைப்புறத்தில் விழுந்தார். பக்கவாதம். மருத்துவமனையிலிருந்து தஞ்சாவூர் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, காது கேட்கக்கூடும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்று மருத்துவர் சொன்னார். நாங்கள் முறை போட்டுக்கொண்டோம். காலையில் அக்கா, இரவில் தம்பி. முதல் வாரம் உறவினர் செய்தி, விலைவாசி, மழை. இரண்டாம் வாரத்தில் எங்களிடம் ஒன்றுமில்லை. நாற்பது ஆண்டுகளில் அம்மாவிடம் நாங்கள் பேசியதெல்லாம் சாப்பாட்டையும் ஊருக்கு வரும் ரயிலையும் பற்றித்தான் என்பது அந்தக் கட்டிலருகே அமர்ந்தபோது தெரிந்தது. செய்தித்தாளை உரக்க வாசித்தோம். அந்தக் கணவனின் யோசனையை ஏளனம் செய்தவர்கள் நாங்கள்.

பிறகு ஓர் இரவு, வேறு வழியின்றி, படக்கதை சொல்லத் தொடங்கினோம். அப்பா போன பின் அம்மா திரையரங்குப் பக்கம் சென்றதில்லை. முதலில் சொன்னது 'ஸ்டில் வாக்கிங்'. பிறர் உயிரைக் காக்கப்போய் நீரில் மூழ்கி இறந்த மூத்த மகனின் நினைவு நாளுக்குப் பிள்ளைகள் பெற்றோர் வீட்டுக்கு வரும் கதை. அம்மாவுக்காக அந்த வீட்டுச் சமையலை விரிவாகச் சொன்னோம். மக்காச்சோளத்தை எண்ணெயில் பொரிக்கும் காட்சி எங்கள் வாயில் சோள பஜ்ஜியாயிற்று. ஊர் திரும்பும் பேருந்தில் மகனுக்கு, முந்தின நாள் அம்மாவுக்கு நினைவுக்கு வராமற்போன மல்யுத்த வீரனின் பெயர் நினைவுக்கு வருகிறது. சொல்வதற்கு அம்மா அருகில் இல்லை. அந்த இடத்தைச் சொல்லும்போது குரல் கம்மிற்று. மாற்றிக்கொள்ள மற்றவர் வந்து அமர வேண்டியதாயிற்று.

'யி யி'யைப் பல இரவுகளுக்குப் பிரித்துச் சொன்னோம். சிறுவன் யாங்-யாங் எல்லோருடைய பின்மண்டையையும் புகைப்படம் எடுக்கிறான், அவர்களால் பார்க்க முடியாததை அவர்களுக்குக் காட்டுவதற்காக. இதைச் சொன்னபோது அம்மாவின் வலக்கை விரல்கள் அசைந்தன என்று எங்களில் ஒருவர் இன்றும் சாதிக்கிறார். மற்றவர் நம்பவில்லை. குப்பையைக் கீழே கொண்டுபோக மறந்ததால்தான் பாட்டி விழுந்தாள் என்று உறக்கமின்றித் தவிக்கும் பேத்தி டிங்-டிங், இறுதியில் ஒரு பிற்பகல், பாட்டி எழுந்து அமர்ந்து காகிதத்தில் வண்ணத்துப்பூச்சி மடிப்பதைக் காண்கிறாள். அவள் மடியில் தலைவைத்து உறங்கிப்போகிறாள். நாங்கள் கதையை அங்கேயே முடித்துவிட்டோம். பாட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டாள் அம்மா, படம் அவ்வளவுதான் என்று அக்கா சொன்னார். விழிக்கும்போது பாட்டி இறந்திருப்பதையும், சடங்கில் சிறுவன் தன் குறிப்பேட்டிலிருந்து அவளுக்கு வாசிப்பதையும் சொல்லவில்லை.

அம்மா 2010 தை மாதம் போனார்.

அந்தக் குறுந்தகடு எங்களிடம் இருக்கிறது. தம்பி ஆண்டுக்கொருமுறை அதைப் போடுவதுண்டு. வண்ணத்துப்பூச்சிக் காட்சி வரை அக்காவும் உடன் அமர்ந்து பார்ப்பார். பிறகு காபி போட எழுந்து சென்றுவிடுவார்.