ஒரு படம், இரு குரல்

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. இந்த வரலாற்றை மன்ற மேடைகளில் உணர்ச்சி பொங்கப் பேசக் கேட்டிருக்கிறோம். நான் சொல்ல வந்தது அதன் சிறு மூலை ஒன்றைத்தான்: பாறசாலைப் பக்கத்தில் தமிழ்வழி வகுப்பெடுக்கும் என் சித்தியின் மடிக்கணினி.

கருவி இல்லையென்ற குறை அங்கில்லை. பள்ளிக் கணினிக் கல்வியில் கேரளம் முன்னோடி. 2005இல் அப்துல் கலாம் தொடங்கிவைத்த விக்டேர்ஸ் கல்வித் தொலைக்காட்சி அங்குண்டு. ஆசிரியர் பயிற்சியும் கணினிவழியே வருகிறது. வருவது மலையாளத்தில். சித்திக்கு மலையாளம் நன்றாகத் தெரியும். எல்லையோரத்தில் யாருக்குத்தான் தெரியாது? பயிற்சியில் கேட்டது முழுவதும் புரிகிறது. மறுநாள் வகுப்பில் நின்றால்தான் சொல் வருவதில்லை. 'திரிகோணம்' முக்கோணமாவதில் தொல்லையில்லை. 'பிரகாச சம்ஸ்லேஷணம்' ஒளிச்சேர்க்கையென்று நாவில் வருவதற்குள் பின்வரிசைப் பையன் சன்னலுக்கு வெளியே போய்விடுகிறான்.

அப்படியானால் களியக்காவிளைக்கு அப்பாலிருந்து தமிழை வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். 2019இல் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்குச் சோதனைச்சாவடி ஏது? ஆனால் அது நடத்துவது தமிழகப் பாடத்திட்டம். சித்தியின் பிள்ளைகள் எழுதுவதோ கேரளத் தேர்வு. ஒன்றில் மொழி சரி, பாடம் வேறு. மற்றதில் பாடம் சரி, மொழி வேறு. 2020 சூனில் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் விக்டேர்ஸ் வழியே பாடங்கள் தொடங்கின. தமிழ்வழி, கன்னடவழிப் பிள்ளைகளுக்கும் தனிப் பாடங்கள் ஆயத்தமாயின. மனமிருந்தால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆயினும் பிள்ளைக்குப் பாடம் தருவது வேறு, ஆசிரியைக்குச் சொல் தருவது வேறு. முன்னது அந்த ஒரு வகுப்போடு முடியும். பின்னது அவர் ஓய்வு பெறும்வரை பயன்படும்.

இதற்கு வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் நம் விண்வெளி ஆய்வு நிறுவனம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி காட்டியது. அந்த அக்டோபரில் ஏறக்குறைய 24,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கு அதன்வழி அறிவியல் பயிற்சியும் அளித்தது. அச்செயற்கைக்கோளில் ஒரு படத்தோடு இரண்டு ஒலிகளை அனுப்ப முடிந்தது. ஆந்திரத்துச் சிற்றூரில் தெலுங்கு கேட்டது. அதே படத்துக்குக் கருநாடகத்துச் சிற்றூரில் கன்னடம் கேட்டது. அன்று வானத்தில் பெருஞ்செலவில் செய்ததை இன்று ஒரு சாதாரணக் கணினியில் செய்யலாம். இயந்திர மொழிபெயர்ப்பு போதாதா என்று நண்பரொருவர் கேட்டார். அது கலைச்சொல்லில் அடிக்கடி இடறுகிறது. இடறியது எங்கேயென்று காண அச்சொல் முன்பே தெரிந்திருக்க வேண்டும்!

சித்தி தமக்குத் தெரிந்த வழியில் செய்துகொள்கிறார். பயிற்சிப் படத்தின் ஒலியை நிறுத்திவிட்டு, இரவில் தாமே தமிழில் பேசிப் பார்க்கிறார். அந்தக் குரலைப் பதிவுசெய்து, முறைப்படி இசைவு பெற்றுப் படத்தோடு சேர்த்தால், எல்லையோரத் தமிழ்வழி ஆசிரியர் பலருக்கும் உதவும். நல்ல குரலுடையார் நம் மன்றத்தில் பலர் உளர். நாடக விழாவில் பார்த்தோமே! கலைச்சொற்களைச் சரிபார்க்க அறிவியல் மாணவர் இருவர் முன்வந்தால், வரும் விடுமுறையிலேயே பாறசாலைக்குப் புறப்படலாம்.